கை பேசாமல் போன செவ்வாய்க்கிழமை

1. முதல் நாள், தப்பான கை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு நோயாளியிடம் திட்டு வாங்கியவள் நான். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, அதில் எட்டுப் படுக்கை டயாலிசிஸ் பிரிவு. டெக்னீஷியன் வேலை. கையில் புதிய சான்றிதழ், மனதில் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. பி.பி. பார்க்கச் சொன்னார்கள். பல்லாவரத்திலிருந்து வரும் ரிட்டயர்டு ரயில்வேக்காரர் ஒருவர் படுத்திருந்தார். எனக்கு எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கக் கையில் பட்டையைச் சுற்றினேன்.

"ஏம்மா, என்னைக் கொல்லப் பாக்கறியா? அந்தக் கைல நான் வாட்ச் கூட கட்டறதில்ல!"

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். "சரி, சரி, அழுவாத. கை வச்சுப் பாரு" என்று மணிக்கட்டுக்கு மேலே வீங்கிப் புடைத்திருந்த இடத்தைக் காட்டினார். வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன். உள்ளே என்னவோ விர்ரென்று ஓடியது. மாவு மிஷின் ஓடும்போது கடைச் சுவரில் கை வைத்தால் அதிருமே, அப்படி.

அதற்குப் பெயர் த்ரில். இருபத்தாறு வருடம் அதைத் தொட்டுப் பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. சென்ற வருடம் ஓய்வு பெற்றேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று சிலவற்றை எழுதி வைக்கிறேன். இதில் நான் கெட்டிக்காரியாக வரும் இடம் குறைவு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2. குழாய் என்று நினைக்காதீர்கள்

ரத்தக்குழாய் என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதைக் குழாய் என்று நினைப்பதால்தான் நம் வேலையில் பாதித் தப்பு வருகிறது என்பது என் கட்சி. பி.வி.சி. குழாயைப் பதித்தால் பதித்த அளவில்தான் இருக்கும். உடம்பில் இருப்பது உயிருள்ள சதை. எவ்வளவு ரத்தம் வருகிறதோ, எவ்வளவு அழுத்தத்தில் வருகிறதோ, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். கோபம் வந்தால் மூடிக்கொள்ளவும் செய்யும்.

படித்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். இதயத்திலிருந்து புறப்படும் ஆர்ட்டரி, தமிழில் தமனி, தடித்த சுவர் கொண்டது. நடுவில் நல்ல தசை இருக்கும். இதயம் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் விரிந்து, மறுபடி சுருங்கிக் கொடுக்கும். நாடி பிடித்துப் பார்க்கும்போது விரலில் தட்டுவது அதுதான். அது கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகளாகிறது. அங்கே சிவப்பணுக்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும். அந்த இடத்தில்தான் ரத்தம் ஆக்சிஜனையும் சத்தையும் கொடுத்துவிட்டுக் கழிவை வாங்கிக்கொள்கிறது. அதைத் தாண்டியதும் அழுத்தமெல்லாம் வடிந்து போய்விடும். அப்புறம் வெயின், அதாவது சிரை வழியாக அமைதியாக இதயத்துக்குத் திரும்புகிறது. சிரைக்கு மெல்லிய சுவர் போதும். கை கால்களில் ரத்தம் பின்னால் வழியாமல் இருக்க உள்ளே சின்னச் சின்ன வால்வுகள் உண்டு.

டயாலிசிஸ் மெஷினுக்கு நிமிடத்துக்குச் சுமார் முந்நூறு மில்லி ரத்தம் வேண்டும். தோலுக்கு அடியில் தெரியும் சிரையில் அவ்வளவு வராது. தமனியில் வரும், ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. வாரம் மூன்று தடவை அதில் தடித்த ஊசி குத்தினால் தாங்காது. அதனால் சர்ஜன் கையில் ஒரு தமனியையும் பக்கத்துச் சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார். இதுதான் ஃபிஸ்டுலா. தந்துகிகள் வழியாகப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு, குறுக்கு வழியில் நேராகச் சிரைக்குள் பாய்கிறது. அந்த மெல்லிய சிரை முதலில் திணறும். பிறகு வாரக்கணக்கில் மெதுவாக அகலமாகும், சுவர் தடிக்கும், ஊசி தாங்கும் அளவுக்குத் தேறிவிடும். எத்தனையோ கைகளில் இதைப் பார்த்துவிட்டேன். இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

உள்ளே மெல்ல விழும் சுருக்கத்தை விட்டால், ஃபிஸ்டுலாவுக்கு இரண்டு திடீர் எதிரிகள். ஒன்று, உடம்பில் பி.பி. இறங்குவது. இரண்டு, வெளியிலிருந்து யாராவது இறுக்குவது. ரத்தம் வேகம் குறைந்து தேங்கினால் உறைந்துவிடும். வெட்டுப்பட்ட விரலில் ரத்தத்தை நிறுத்திக் காப்பாற்றுகிற அதே குணம்தான் இங்கே ஆளைக் கவிழ்க்கிறது.

இரண்டு எதிரிகளையும் ஒரே நாளில் ஒரே கையில் நானே கூட்டி வைத்தேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

3. திங்கள் மூன்று பத்து

தேவகிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆறாவது மாடி. ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவள், கிட்னி போன பிறகு அதே கம்பெனியில் அரை நாள் மட்டும் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் ஏழுமலை ஆட்டோ ஓட்டுகிறவர். திங்கள், புதன், வெள்ளி மதியம் ஷிஃப்ட் அவளுடையது. வாயாடி. எனக்கும் வாய் நீளம். எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

அவளுக்கு இடது கையில் இரண்டு முறை ஃபிஸ்டுலா போட்டு இரண்டும் போய்விட்டன. நடுவில் டயாலிசிஸுக்காகக் கழுத்தில் டியூப் வைத்ததில் இரண்டு தரம் இன்ஃபெக்‌ஷன் வந்து, ஒரு தரம் பிழைத்ததே பெரிய விஷயம். பிறகு வலது முழங்கைக்கு மேல் ஒன்று போட்டார்கள். அது இரண்டு வருடமாக நன்றாக ஓடியது. எங்கள் கிட்னி ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் மைதிலி அவளிடம் அடிக்கடி சொல்வார்: "கைல இதான் கடைசி இடம், தேவகி. இதுவும் போச்சுன்னா தொடைதான். பத்திரமா வெச்சுக்கோ."

தேவகி தினமும் காலையில் எழுந்ததும் இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பாள். அவள் பாஷையில் "கை பேசுதா" என்று கேட்பது. பேசினால் அன்றைய நாள் சரி.

அன்று திங்கள். டயாலிசிஸ் முடியக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. உடம்பில் தேங்கிய தண்ணீரில் மூன்று லிட்டர் எடுத்திருந்தோம். முடிவில் பி.பி. நூறுக்கு அறுபது, அவளுக்கு அது குறைவு. ரத்தம் போக ஒன்று, திரும்ப ஒன்று என்று போட்ட இரண்டு ஊசிகளையும் உருவினால், பஞ்சு வைத்து விரலால் லேசாக அழுத்தி, ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்க வேண்டும். ரத்தம் வெளியே வராமலும் இருக்க வேண்டும், உள்ளே ஓட்டம் நிற்காமலும் இருக்க வேண்டும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும்.

ஏழுமலை வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேடவாக்கத்தில் ஸ்கூல் டிரிப். மூன்றே முக்காலுக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.

"அக்கா, அந்தாளு இன்னிக்கு லேட்டா போனா ஸ்கூல்காரங்க வேற ஆட்டோ வெச்சுப்பாங்க. ஏதாவது கட்டி வுட்டுடுக்கா" என்றாள் தேவகி.

எங்களிடம் ஒட்டு வைத்த எலாஸ்டிக் பெல்ட் இருந்தது. அவசரத்துக்கு எல்லா யூனிட்டிலும் கட்டுவதுதான். கட்டினேன். வழியில் ரத்தம் கசியக் கூடாதே என்று ஒரு இழுப்பு அதிகமாகவே இழுத்துக் கட்டினேன். கட்டிய பிறகு கீழே மேலே கை வைத்து த்ரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துவிடு என்று சொல்ல வேண்டும். அதையும் சொல்லவில்லை. ஏழாவது படுக்கையில் மெஷின் அலாரம் கத்தியது, ஓடிவிட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஷீட் உண்டு. கடைசிக் கட்டத்தில் ரத்தத்தை எப்படி நிறுத்தினோம் என்று எழுத வேண்டும். நான் அங்கே "கையால் அழுத்தம், 15 நிமிடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருட்டுத்தனம் பண்ண வேண்டும் என்று எழுதவில்லை. எப்போதும் எழுதுவது அதுதான், பேனா தானாக எழுதியது. பழக்கதோஷம் என்று சொல்லலாம். பொய் என்றும் சொல்லலாம்.

4. செவ்வாய் காலை

ஆறேகால் மணிக்குப் போன் வந்தது. நான் செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் குடியிருக்கிறேன். வாசலில் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஞாபகம்.

"ஸ்டெல்லாக்கா, கை பேசலக்கா."

"சரியா பாத்தியா? கொஞ்சம் கீழ வச்சுப் பாரு."

"எல்லா எடத்துலயும் வெச்சு பாத்துட்டேன். கம்முனு கீது. கல்லு மாரி கீதுக்கா."

"பெல்ட்ட எப்ப அவுத்த?"

"வூட்டுக்கு வந்ததும் படுத்துட்டேன். அசதி. மேல முழுக்கை சட்டை போட்டுகினு இருந்தேனா, பெல்ட்டு கீதுன்றதே மறந்து போச்சு. நடுராத்திரி கை மரத்துப்போய் முழிப்பு வந்துச்சு, அப்பதான் அவுத்தேன். ரெண்டு மணி இருக்கும்."

மூன்று பத்திலிருந்து இரண்டு மணி வரை. பதினோரு மணி நேரம். "எதுவும் சாப்பிடாத, அந்த எடத்த அமுக்காத, தேய்க்காத. உடனே கிளம்பு. நான் செம்பாக்கம் ஸ்டாப்புல நிக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். உறைந்து ஒரு நாளுக்குள் என்றால் எடுத்துவிட வழி உண்டு. நேரம் போகப் போக அந்தக் கட்டி சிரையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. செவ்வாய்க்கிழமைகளில் ரத்தக்குழாய் ஆபரேஷன் செய்யும் வாஸ்குலர் சர்ஜன் எங்கள் மருத்துவமனைக்கு வருவார், ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. அந்த ஒரு விஷயத்தில் கடவுள் கண் திறந்திருந்தார்.

ஆட்டோவில் ஏறியபோது ஏழுமலை பொரிந்துகொண்டிருந்தார். "கொடம் தூக்காத தூக்காதன்னு தலபாடா அடிச்சுகினேன்க்கா. ஞாயித்துக்கெழம நான் இல்லாத நேரம் பாத்து கீழர்ந்து ஒரு கொடம் தண்ணி தூக்கிகினு ஏறிகீறா. அந்தக் கைலயே! இப்ப பாரு, பேஜாராப் போச்சு."

தேவகி வாயைத் திறக்கவில்லை. எதற்கும் பதில் சொல்லாமல் இருக்கிற தேவகியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வலது கையைக் குழந்தையை வைத்திருப்பது போல மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை மெதுவாக ஏற்றிப் பார்த்தேன். பெல்ட் கட்டிய இடத்தில் சுற்றிலும் அழுந்திய தடம், காலை ஏழு மணிக்கும் மறையாமல் இருந்தது. விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. சாதாரணமான, சூடான, பேசாத கை.

சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோவிலேயே, "ஏழுமலை, அவள விடுப்பா, நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். கேம்ப் ரோடு சிக்னல் வரைக்கும் சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்தேன். சிக்னல் விழுந்தது, ஆட்டோ கிளம்பியது, நான் சொல்லவில்லை. பயம். இருபத்துச் சொச்சம் வருட சர்வீஸ், நல்ல பெயர், மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். எல்லாம் மனதில் வந்தது. அவள் கையும் வந்தது, ஆனால் கடைசியாகத்தான் வந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5. ஷீட்டில் எழுதியதும் எழுதாததும்

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தார்கள். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே தொடங்கிச் சிரை முழுக்க உறைந்திருந்தது. தமனியில் ஓட்டம் நன்றாக இருந்தது.

சர்ஜன் அதிகம் பேசாத மனிதர். திரையைப் பார்த்தபடி டாக்டர் மைதிலியிடம் சொன்னார்: "ரெண்டு வருஷம் நல்லா ஓடின ஃபிஸ்டுலா திடீர்னு நின்னா, உள்ள எங்கயோ சுருக்கம் விழுந்திருக்குன்னு அர்த்தம். இப்ப க்ளாட்டை எடுத்துவிட்டாலும் நாளைக்கே திரும்ப நிக்கும். எதுக்கு அந்தம்மாவுக்கு வீணா ஒரு கீறல்? கழுத்துல டியூப் வெச்சிடுங்க. தொடையில அப்புறம் பாக்கலாம்."

"கைல இதான் சார் கடைசி" என்றார் டாக்டர் மைதிலி.

"வெளியிலேர்ந்து ஏதாவது அழுத்தம்? அடி? கட்டு?"

ஏழுமலை முந்திக்கொண்டார். "கொடம் தூக்கிச்சு சார்."

"ஒரு குடம் தூக்கினதுக்கெல்லாம் இது நிக்காதுப்பா."

டாக்டர் மைதிலி ஷீட்டைப் புரட்டினார். "டயாலிசிஸ் முடிஞ்சு ஸ்டெல்லாவே பதினஞ்சு நிமிஷம் கையால பிடிச்சிருக்காங்க. கட்டு எதுவும் போடல. அதுல பிரச்சனை இல்ல சார்."

சர்ஜன் தலையசைத்துவிட்டுக் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார். எல்லாம் குடத்தால்தான் என்று நம்பிவிட்ட தேவகி, பெல்ட்டைச் சொல்லத் தோன்றாமல், கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் டியூப் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கண்ணோரம் வழிந்ததை நான் பார்த்தேன். சத்தமே இல்லை. இவ்வளவும் என் கையெழுத்தை நம்பி நடக்கிறது. நான் எழுதிய அந்த ஒரு வரியை வைத்து, இந்தச் சிரை உள்ளேயே கெட்டுப்போனது என்று முடிவு கட்டிக் கையைக் கைவிடப் போகிறார்கள்.

"சார், அது தப்பு" என்றேன்.

"எது?"

"ஷீட்ல எழுதினது. நான் கையால பிடிக்கல. பெல்ட் கட்டினேன். இழுத்துக் கட்டினேன். அப்ப பி.பி. வேற கம்மியா இருந்துச்சு. அவுக்கச் சொல்லவும் மறந்துட்டேன். மூணு பத்துலேர்ந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கட்டு இருந்திருக்கு."

சர்ஜன் கழற்றிய கையுறையோடு என் பக்கம் திரும்பினார்.

"கட்டினதும் த்ரில் பாத்தீங்களா?" என்று கேட்டார் சர்ஜன்.

"பாக்கல சார். பாத்திருந்தா அப்படிக் கட்டியிருக்க மாட்டேன்."

டாக்டர் மைதிலி ஷீட்டை மூடி வைத்தார். ஏழுமலை, "இன்னாக்கா நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

சர்ஜன் மட்டும் கோபப்படவில்லை. கழற்றிய கையுறையைப் பிடித்தபடியே கேட்டார்: "போன மாசம் பூரா மெஷின்ல வீனஸ் ப்ரெஷர் எப்படி இருந்துச்சு?"

ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும்போது சிரை எவ்வளவு எதிர்க்கிறது என்று மெஷின் காட்டும் அளவு அது. உள்ளே சுருக்கம் விழுந்தால் வாரத்துக்கு வாரம் ஏறும். தேவகியின் எண்கள் எனக்கு மனப்பாடம். "ஏறவே இல்ல சார். ஒரே சீரா இருக்கு. ஊசி எடுத்தா ரத்தம் நிக்கவும் அதிக நேரம் ஆகாது" என்று பழைய ஷீட்டுகளை ஓடிப்போய் எடுத்து வந்து நீட்டினேன். இந்த ஷீட்டுகளை எப்படி நம்புவது என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை, மெஷின் தானாக அச்சடித்துத் தருகிற தாளும் பின்னால் இணைத்திருந்தது. அவர் அதைத்தான் பார்த்தார். நான்கைந்து பக்கம் புரட்டினார்.

"அப்ப வெயின் நல்லாத்தான் இருக்கு. கட்டினதாலதான் நின்னிருக்கு" என்றார். பிறகு டாக்டர் மைதிலியைப் பார்த்து, "தியேட்டர் ரெடி பண்ணச் சொல்லுங்க மேடம். பதினொண்ணுக்குள்ள முடிச்சிடலாம்."

6. பலூன்

அந்த ஆபரேஷன் பெரியதல்ல. கை மட்டும் மரத்துப்போக ஊசி. சின்னக் கீறல். அதன் வழியே நுனியில் பலூன் வைத்த மெல்லிய டியூபைச் சிரைக்குள் செலுத்தி, உறைந்ததைத் தாண்டிப் போனதும் பலூனை லேசாக ஊதி, மெதுவாக இழுப்பார்கள். கட்டி முழுதாக வந்தால் அதிர்ஷ்டம்.

தியேட்டர் வாசலில் ஏழுமலையும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஹாரன் அடிச்சது நான்தானே" என்று மட்டும் சொன்னார். நான் ஜபம் சொன்னேன். பாதியில் மறந்து போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அப்படி எத்தனை தரம் என்று தெரியாது.

பத்து நாற்பதுக்குக் கதவு திறந்தது. சர்ஜன் மாஸ்க்கை இறக்கிவிட்டு, "சிஸ்டர், உள்ள வாங்க. கை வெச்சுப் பாருங்க" என்றார். நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன். அன்று என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன்.

வைத்தேன். விர்ரென்று ஓடியது.

நான் அழுதுவிட்டேன். இருபத்துச் சொச்சம் வருடத்தில் வார்டில் நான் அழுது யாரும் பார்த்ததில்லை. மிளகாய் என்றுதான் எனக்குப் பட்டப்பெயர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. வெளியே வந்து ஏழுமலையிடம் "ஓடுது" என்றேன். அவர் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்தார்.

மதியம் டாக்டர் மைதிலியின் அறைக்குப் போனேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்க ஷீட்ட நான் கண்ண மூடிட்டு நம்புவேன் ஸ்டெல்லா. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றார். மெமோ கொடுத்தார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த வருடம் இன்க்ரிமென்ட் இல்லை என்றார்கள், வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். வேலை போகவில்லை. யூனிட்டில் இருந்த பெல்ட் அத்தனையையும் அன்றே எடுத்துவிட்டோம். ஊசி எடுத்தால் விரல்தான், வாசலில் யார் ஹாரன் அடித்தாலும் சரி என்று முடிவானது. த்ரில் பார்க்காமல் ஒருவரும் படுக்கையிலிருந்து இறங்கக் கூடாது என்றும் ஆனது.

7. புதன் மதியம்

மறுநாள் தேவகியின் ஷிஃப்ட். தையலுக்குத் தள்ளி ஊசி போடலாம் என்று சர்ஜன் அனுமதித்திருந்தார். போட்டேன். மெஷின் அலாரம் அடிக்காமல் ஓடத் தொடங்கியது. அன்று மட்டும் ஏழுமலையை உள்ளே உட்கார அனுமதித்திருந்தோம். கட்டிலோரம் ஸ்டூலில் இருந்தார்.

தேவகி என்னைக் கண்டபடி திட்டட்டும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, மெய்யாலுமே நான் இல்லல்ல?"

"எது?"

"கை நின்னதுக்கு. கொடம் தூக்குனதால இல்லல்ல? நேத்து காலைலேர்ந்து அதே நெனப்புக்கா. ஒரு கொடத்துக்கு ஆசப்பட்டு நானே என்ன கொன்னுகினேன்னு நெனச்சேன். புள்ளைங்க மூஞ்சிய பாக்க முடியல."

"நீ இல்லம்மா. உன் தப்பு துளியும் இல்ல. நான்தான்."

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். நேற்று கை பிழைத்தது என்று கேட்டபோதுகூட அப்படித் தெளியவில்லை என்று ஏழுமலை பிறகு சொன்னார். உடனே பழைய தேவகி திரும்பிவிட்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுக்கா. கொஞ்சம் சத்தமா. இந்தாளு காதுல வுழற மாரி சொல்லு. ரெண்டு நாளா கொடம் கொடம்னு உசுர எடுக்கறாரு."

எட்டுப் படுக்கைக்கும் கேட்கும்படி சொன்னேன். "தேவகி கை நின்னது தேவகியால இல்ல. நான் பெல்ட்ட இறுக்கிக் கட்டிட்டு, அவுக்கச் சொல்லாம விட்டேன். தப்பு என்னுது."

ஏழுமலை தலையைச் சொறிந்துகொண்டு, "வுடுமே, சொல்ட்டாங்கல்ல" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஃபிஸ்டுலா நின்று ஒருவர் வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, நீ என்ன பண்ணின? கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாயா, பை தூக்கினாயா, வளையல் போட்டாயா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அதே வாயால் நான் என்ன பண்ணினேன் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமலே அத்தனை பேரையும் குற்றவாளியாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தச் சிரை யார் இறுக்கினார்கள் என்று பார்க்காது, இறுக்கினால் மூடிக்கொள்ளும். சரியான காரணத்தைச் சொன்னால்தான் அதைத் திறக்கவும் முடியும். பிள்ளைகளே, ஷீட்டில் நடந்ததை எழுதுங்கள். எப்போதும் எழுதுவதை எழுதாதீர்கள்.

அன்று நான் சத்தமாகச் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டிருந்தது. மூன்றாவது படுக்கையில் ராஜகீழ்ப்பாக்கத்து சார் ஒருவர், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா ஸ்டெல்லா, அப்ப என் இடது கை ஃபிஸ்டுலா நின்னுதே? நான் கைய தலைக்கு வெச்சுத் தூங்கினதாலன்னு சொன்னீங்க."

அதைச் சொன்னவள் நான்தான். அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். அன்றும் பெல்ட் கட்டினேனா? ஞாபகம் இல்லை. ஷீட்டில் என்ன எழுதியிருக்கும் என்று மட்டும் தெரியும்.

"தெரியல சார். நீங்களா இல்லாமலும் இருக்கலாம். நானா கூட இருக்கலாம்."

கோபம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். "நாலு வருஷமா என் வைஃப் ராத்திரி நாலு தரம் எழுந்து, நான் எப்படிப் படுத்திருக்கேன்னு டார்ச் அடிச்சுப் பாக்கறா" என்றார். "இப்பவே ஒரு போன் போட்டு அவகிட்ட இதைச் சொல்லிடும்மா. ரெண்டு பேரும் தூங்கணும்."

போட்டேன்.